பூ ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்

நாள் 1: பாரிஸ்

என்னிடம் ஒரு துட்டு இருக்கிறது. சொல்லிக்கொள்ள வேறு சில சொத்துகளும் உண்டு என்றாலும், இந்தப் பயணத்துக்குக் காரணம் அந்தத் துட்டுதான்.

செம்புக்காசு. ஒரு பக்கம் ஒற்றைப் பூ, பிரெஞ்சு அரசர்களின் சின்னமான லில்லி, அவர்கள் மொழியில் 'ஃப்ளேர் தெ லிஸ்'. மறுபக்கம் பழைய எழுத்தில் 'புதுச்சேரி'. பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் அடித்த சில்லறை அது. நம் துட்டு அவர்கள் வாயில் 'தூதூ' ஆனது, காசு 'காஷ்' ஆனது, பணம் 'ஃபனோன்' ஆனது. பெரிய வியாபாரத்துக்கு ஓடிய வெள்ளி ரூபாயை மட்டும் டில்லி பாதுஷா பெயரில் அடித்தார்கள். அதில் பூவைப் போட்டால் யார் வாங்குவார்கள்? கீரையும் கருவாடும் வாங்கும் காசில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பூ எங்கிருந்து கிளம்பி என் கடை மேசை இழுப்பறைவரை வந்தது என்று பார்க்கத்தான் ஆறு நாள். காசைக் கொண்டுவரவில்லை. நூறு வருடம் தாண்டிய நாணயத்தை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போகச் சட்டம் விடாது. அதனால் சின்ன வயதில் செய்வதுபோலக் காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, இரண்டு பக்கத்தையும் எடுத்து வந்திருக்கிறேன். பர்சில் மடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா மகள் விமான நிலையத்துக்கே வந்துவிட்டாள். பாரிசின் வடக்குப் புறநகரில் வீடு. எட்டு வயதுப் பையன் ஒருவன், தமிழ் புரியும், பதில் பிரெஞ்சில் வரும்.

"மாமா, படுத்து எழுந்திருங்க. நாளைக்குப் போகலாம்."

படுத்தால் எழுந்திருக்கமாட்டேன் என்று தெரியும். மதியமே கிளம்பிவிட்டோம்.

முதலில் சேன் ஆற்றங்கரையில் பழைய அரண்மனையின் மூலைக் கோபுரத்தில் இருக்கும் கடிகாரம். பாரிசின் முதல் பொதுக் கடிகாரம் 1370ஐ ஒட்டி இங்கேதான் வந்தது. இப்போது நாம் பார்க்கும் முகப்பு 1585இல் செய்தது. அடர்நீலப் பின்னணி முழுக்கத் தங்கப் பூக்கள். 1793இல் புரட்சிக்காரர்கள் உடைத்தெடுத்த அரச சின்னங்களைப் பிற்பாடு திரும்ப வைத்து, 2012இல் மறுபடி தங்கம் பூசியிருக்கிறார்கள். வெயிலில் கண் கூசுகிறது.

பூவை நிதானமாகப் பார்த்தேன். மூன்று இதழ். நடு இதழ் குத்துவிளக்குச் சுடர்போல நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்து இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து சுருண்டு கீழே இறங்குகின்றன. மூன்றையும் இடுப்பில் ஒரு பட்டை சேர்த்துக் கட்டியிருக்கிறது. பட்டைக்குக் கீழே மூன்று சிறு வால். பள்ளியில் சாரணர் படையில் இருந்தபோது சட்டையில் குத்திய வில்லையிலும் இதே பூதான் இருந்தது. பழைய வரைபடங்களில் வடதிசையைக் காட்டும் குறியிலிருந்து பேடன் பவல் அதை எடுத்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது நான் அதைச் சூலாயுதம் என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் சேன்ட் ஷாப்பெல். 1248இல் ஒன்பதாம் லூயி கட்டி முடித்த தேவாலயம். எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுகிறார்கள், கண்ணாடி ஓவியம் பார்க்க. அது அரசருக்கு. அரண்மனை ஆட்களுக்குக் கட்டிய கீழ்தளத்தில்தான் எனக்கு வேலை. கூரை தாழ்ந்த இடம். தூண்கள் முழுக்க வண்ணம். ஒரு தூண் நீலம், அதில் தங்க லில்லி. இன்னொன்று சிவப்பு, அதில் தங்கக் கோட்டை. கோட்டை, லூயியின் தாய் பிளான்ஷின் பிறந்தவீட்டுச் சின்னம். ஸ்பெயினின் கஸ்தீலியா நாட்டு இளவரசி அவர். அப்பன் வீட்டுப் பூவும் அம்மா வீட்டுக் கோட்டையும் தூணுக்குத் தூண் மாறிமாறி நிற்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் இரண்டு வீட்டார் பெயரும் போடுவது மாதிரி.

நாம் பார்க்கும் வண்ணம் 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தது. பரவாயில்லை, கோயில் கோபுரத்துக்கு நாமும்தான் வண்ணம் அடிக்கிறோம்.

முப்பது வருடம் ஜவுளிக்கடை வைத்திருந்தவன் நான். நீலத்தில் வரிசை மாற்றி மாற்றி விழுந்திருக்கும் அந்தத் தங்கப் பூக்களைப் பார்த்ததும் வாயில் வந்த சொல் 'புட்டா'. உடல் முழுக்கச் சின்னப் புட்டா போட்ட நீலப் பட்டு, அவ்வளவுதான். அக்கா மகள் சுவர்ப் பலகையை வாசித்துவிட்டுச் சொன்னாள், "இதுக்கு இவங்க சொல்ற வார்த்தை 'ஸெமே', மாமா. விதைச்சதுன்னு அர்த்தம்."

பூவை விதைத்திருக்கிறார்கள். நல்ல சொல்.

நாள் 2: சேன் தெனி

இன்று நடந்தே போகும் தூரம் என்று சொல்லி அக்கா மகள் இரண்டு பேருந்து மாற்ற வைத்தாள். சேன் தெனி பெருங்கோயிலில் பிரெஞ்சு அரசர்கள் ஏறக்குறைய எல்லோரும் வரிசையாகக் கல்லில் படுத்திருக்கிறார்கள். காலடியில் நாயோ சிங்கமோ.

ஐந்தாம் சார்லஸ் சிலைக்கு முன்னால் அதிக நேரம் நின்றேன். பருத்த மூக்கு, களைத்த முகம். அழகுபடுத்தாமல் செதுக்கியிருக்கிறார்கள். என் பூவுக்கு இவர் செய்த வேலை பெரியது. அதுவரை பிரான்சின் கேடயம் என்றால் நீலம் முழுக்க விதைத்த பூக்கள், எண்ணிக்கை கிடையாது. கேடயத்தின் விளிம்பில் பூக்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், தானில் கிழித்த துணி மாதிரி. அப்படி வெட்டுப்படுவதுதான் கணக்கு: துணி இத்தோடு முடியவில்லை, நீ பார்ப்பது ஒரு துண்டு மட்டும் என்று அர்த்தம். 1376 வாக்கில் இவர் அதை மூன்றே பூவாகக் குறைத்தார். மேலே இரண்டு, கீழே ஒன்று. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று விளக்கம். எனக்கு என்னவோ பழைய கேடயம்தான் பிடித்திருக்கிறது. மூன்றை எண்ணிவிடலாம். விதைத்ததை எண்ண முடியாது.

இந்தப் பூவுக்குப் போட்டி போட்டவர்களும் உண்டு. 1340இல் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட், பிரான்சின் சிம்மாசனம் தாய்வழியில் எனக்குத்தான் என்று கிளம்பியவர், தன் சிங்கங்களோடு இந்தப் பூவையும் கேடயத்தில் சேர்த்துக்கொண்டார். பிரான்சில் அவர்களுக்கு ஒரு காணி நிலமும் மிஞ்சாத காலத்திலும் அது போகவில்லை. 1801இல்தான் எடுத்தார்கள். 461 வருடம் ஒரு பாத்தியதை வழக்கு. நம் ஊர் சிவில் கோர்ட்டே தேவலாம்.

1793இல் இங்கே கல்லறைகளைத் திறந்து எலும்புகளை அள்ளிக் குழியில் கொட்டினார்கள். 1815இல் பதினாறாம் லூயியையும் மரி அந்துவானெத்தையும் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து நிலவறையில் வைத்தார்கள். கறுப்புக் கல், பெயர், வேறொன்றுமில்லை. பையன் அங்கே மட்டும் சத்தமில்லாமல் நின்றான். வகுப்பில் கில்லட்டின் பாடம் நடந்துவிட்டதாம்.

இங்கே இல்லாத ஒருவர் கதைதான் எனக்குச் சுவை. ஷாம்போர் பிரபு, பழைய அரச வம்சத்து வாரிசு. 1873இல் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை முடியாட்சிக்காரர்கள், சிம்மாசனம் இவருக்காகத் தயார். ஒரே நிபந்தனை, புரட்சி கொண்டுவந்த மூவண்ணக் கொடியை ஏற்கவேண்டும். முடியாது, என் மூதாதை நான்காம் ஹென்றியின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்றார். அத்தோடு பிரான்சில் முடியாட்சி முடிந்தது. 1883இல் இறந்து, இன்றைய ஸ்லொவேனியாவில் ஒரு மடத்தில் கிடக்கிறார்.

"ஒரு துணிக்காகவா மாமா?"

"துணிக்காகச் சண்டை போட்டு எத்தனை கல்யாணம் நின்றுபோயிருக்கு தெரியுமா? என் கடையிலேயே பார்த்திருக்கேன்."

மாலை வீட்டுக்குப் பக்கத்துக் குளக்கரையில் மஞ்சள் ஐரிஸ் பூத்திருந்தது. பையன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பர்சிலிருந்து தாளை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். நடுவில் நிமிர்வது, பக்கத்தில் வளைந்து தொங்குவது, எல்லாம் அச்சு அசல். நிஜ லில்லிக்கு இந்த அமைப்பே கிடையாது. பெயர் லில்லி, உருவம் ஐரிஸ் என்று பலரும் சொல்வது சும்மா இல்லை. இதைத் தமிழில் அல்லி என்று எழுதினால் குளம் சரியாக வரும், பூ தப்பாக வரும்.

நாள் 3: மறுபடி பாரிஸ்

கால் வலி. சுருக்கமாக.

ரிஷ்லியூ தெருவில் தேசிய நூலகத்தின் அருங்காட்சியகம். இங்கே நான் தேடியது பூவை அல்ல, தேனீயை. 1653இல் துர்னே ஊரில் ஒரு குழி தோண்டும்போது ஷில்தெரிக் என்ற ஐந்தாம் நூற்றாண்டு அரசரின் கல்லறை அகப்பட்டது. அதில் முந்நூறு தங்கத் தேனீக்கள். நெப்போலியன் 1804இல் முடிசூடியபோது ஒரு சிக்கல்: பழைய அரசர்களின் லில்லியைத் தொடமுடியாது, வெறும் துணியோடு நிற்கவும் முடியாது. அதைவிடப் பழைய சின்னம் ஒன்று வேண்டும். தேனீ அகப்பட்டது. அங்கியில் பூ இருந்த இடத்திலெல்லாம் தேனீயை விதைத்தார்கள். டிசைன் அதே, புட்டா மட்டும் வேறு. 1831இல் திருடர்கள் நுழைந்து தேனீக்களை அள்ளிப் போய் உருக்கிவிட்டார்கள். மிஞ்சியது இரண்டு.

நெப்போலியன் போனதும் லில்லி திரும்பி வந்தது. 1830இல் மறுபடி புரட்சி, லூயி பிலிப் வந்தார், 1831இல் பூவை எடுத்தார். சேவல் ஏறியது. 1836இல் புதுச்சேரி துட்டிலும் சேவல்தான். பாரிசில் ஆட்சி மாறினால் பெரிய கடைச் சந்தையில் மீன்காரம்மா கையில் இருக்கும் காசில் பூ போய்க் கோழி வந்துவிடும். அந்தம்மாவுக்கு எடை சரியாக இருந்தால் போதும்.

நாள் 4: லோரியான், போர் லூயி

சனிக்கிழமை. பையனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு அக்கா மகளும் கூட வந்தாள். வண்டி நாற்பது நிமிடம் தாமதம், காரணம் யாரும் சொல்லவில்லை. அவள் கட்டி வந்த எலுமிச்சைச் சாதத்தை லெ மான் வருவதற்குள் முடித்துவிட்டோம்.

லோரியான் என்றால் கிழக்கு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1666இல் கப்பல் கட்ட இறங்கிய இடம். இங்கே கட்டிய பெரிய கப்பலுக்கு 'கிழக்கின் சூரியன்' என்று பெயர், அதிலிருந்து ஊர்ப்பெயர். இரண்டாம் உலகப்போரில் குண்டு போட்டு ஊரையே தரைமட்டமாக்கிவிட்டதால் பழையது என்று பார்க்க அதிகம் இல்லை. படகில் ஏறி எதிர்க்கரை போர் லூயிக்குப் போனோம். அங்கே கடலோரக் கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம். கடற்காற்று, உப்பு வாடை, மழைத் தூறல். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்பதுபோலவே இருந்தது, குளிரைக் கழித்துவிட்டால்.

கப்பல் மாதிரிகள், சீனப் பீங்கான், பழைய வரைபடங்கள். வரைபடத்தின் திசைகாட்டியில் வடக்கு நோக்கி நிற்கிறது என் சாரணர் பூ.

துணிப் பிரிவில் என்னை நகர்த்த அக்கா மகளால் முடியவில்லை. சோழமண்டலக் கரைப் பருத்தி. கையால் வரைந்து, காரம் ஏற்றி, சாயத்தில் முக்கி எடுத்தவை. இருநூற்றைம்பது வருடமாகியும் சிவப்பு வெளுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே இருந்தே சொல்லலாம், கஞ்சி போட்டுத் தட்டி மெருகேற்றியிருக்கிறார்கள். என் கடையில் முதல் அலசலில் சாயம் போன துணிகளுக்காக வாடிக்கையாளரிடம் நான் வாங்கிய வசவெல்லாம் நினைவுக்கு வந்தது.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். கம்பெனியின் சின்னம். 1664இல் பதினான்காம் லூயி கொடுத்தது. வட்டமான நீலக் கேடயம், நடுவில் ஒரே ஒரு தங்க லில்லி. சுற்றிலும் ஒரு பக்கம் பனை ஓலை, மறுபக்கம் ஒலிவக் கிளை. அரசர் தனக்கு மூன்று பூ வைத்துக்கொண்டு கம்பெனிக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். என் துட்டில் இருப்பதும் ஒற்றைப் பூ. தாளை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். இங்கே இதழ் ஒடுங்கி, நகைக்கடை வேலை மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர் தட்டான் வெட்டிய அச்சில் அது கொஞ்சம் பருத்து, அகன்று, வாழைப்பூ மடல் விரிந்ததுபோல் இருக்கிறது. வரைபடம் வந்திருக்கும். கை அங்கே உள்ள கை.

சின்னத்தோடு லத்தீனில் ஒரு வாசகம்: 'ஃப்ளோரேபோ க்வோகும்க்வே ஃபேரார்'. எங்கே கொண்டுபோனாலும் பூப்பேன்.

அக்கா மகள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நம்மளைப் பத்தி எழுதின மாதிரி இருக்கு மாமா." அவள் கல்யாணமாகி இங்கே வந்து பதினான்கு வருடம்.

நாள் 5: நான்ட்

நேற்று இரவே எழுதிவைத்திருந்த வரியோடு இந்தப் பயணம் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூ, கடல், எங்கே போனாலும் மலர்வது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான்ட்டில் இறங்கலாம் என்றது நான்தான்.

பிரான்சின் அடிமைக் கப்பல்கள் அதிகம் கிளம்பிய துறைமுகம் நான்ட். லுவார் ஆற்றங்கரையில் 2012இல் ஒரு நினைவிடம் திறந்திருக்கிறார்கள். கரை நெடுக நடைபாதையில் 2,000 கண்ணாடிச் சில்லுகளைப் பதித்திருக்கிறார்கள். அவற்றில் 1,710இல் கப்பல் பெயரும் வருடமும். கடவுள் பெயர், பெண் பெயர், நல்ல குணங்களின் பெயர் என்று கப்பல்களுக்கு அழகழகாக வைத்திருக்கிறார்கள். மேலே சைக்கிளில் போகிறவர்கள் அவற்றின்மேல் போகிறார்கள். கீழே படி இறங்கினால் ஆற்று மட்டத்தில் ஒரு நீண்ட வழி, தண்ணீர் சத்தம் மட்டும்.

புத்தகக் கடையில் 'கறுப்புச் சட்டம்' சிறு நூலாகக் கிடைத்தது. 1685இல் லூயி பிறப்பித்தது, அடிமைகளை எப்படி நடத்தவேண்டும் என்று. அதே பதினான்காம் லூயி. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அக்கா மகளை 38ஆம் பிரிவை வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"தப்பி ஓடி ஒரு மாசம் ஆன அடிமைக்கு... காதை வெட்டணும். அப்புறம் ஒரு தோளில..." நிறுத்தினாள். "மாமா, ஃப்ளேர் தெ லிஸ் போட்டு சூடு வைக்கணுமாம்."

மேலே படிக்கச் சொன்னேன். இரண்டாம் முறை ஓடினால் கால் நரம்பை அறுத்து, அடுத்த தோளில் இன்னொரு பூ. மூன்றாம் முறை மரணம்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. கரீபியத் தீவுகளுக்காக எழுதிய சட்டம் இது. 1723இல் இதன் இன்னொரு வடிவம் இந்துமாக் கடலுக்கும் வந்தது, பூர்போன் தீவுக்கும் பிரான்சுத் தீவுக்கும். இன்று நாம் ரீயூனியன், மொரீஷியஸ் என்கிற தீவுகள். பூ போட்டு வைக்கும் சூடும் சேர்ந்தே வந்தது. அந்த நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் மட்டுமில்லாமல் புதுச்சேரியிலிருந்தும் அந்தத் தீவுகளுக்கு அடிமைகளைக் கப்பலேற்றியிருக்கிறார்கள். எங்கே கொண்டுபோனாலும் பூப்பேன் என்றது யாருடைய உடம்பில் என்று நேற்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

துணியையும் விட்டுவைக்கவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கப் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்த சரக்குகளில் முக்கியமானது இந்தியப் பருத்தித் துணி. புதுச்சேரிப் பக்கத்தில் அவுரியில் முக்கியெடுத்த நீலத்துணிக்கு 'கினே' என்றே பெயர், கினி கரைக்குப் போவதால். நெய்தவர்களுக்கு அது எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. நேற்று கண்ணாடிக்கு வெளியே நின்று சாயத்தை மெச்சியவன், இன்று அதே துணியின் விலை என்ன என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயிலில் அவள் தூங்கிவிட்டாள். நான் தாளை எடுத்துப் பார்க்கவில்லை.

நாள் 6: வீடு

நாளை விமானம். மழை, எங்கும் போகவில்லை. அக்காவுக்குக் கொடுத்துவிட அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பாலாடைக்கட்டி நாற்றத்தோடு ஊர்வரை எப்படிப் போவது என்பது இன்றைய கவலை.

பையன் என் பர்சைக் குடைந்து தாளை எடுத்துவிட்டான்.

"தாத்தா, இது என்ன?"

"நம்ம ஊர்க் காசு. பழசு."

எழுத்தை உற்றுப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டு வருடம் ஆகிறதாம். 'பு' வந்தது, 'து' வந்தது. அந்தக் காலத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள், 'ச்'சில் மாட்டிக்கொண்டான். நான் சொல்லிக்கொடுக்குமுன் "புதுச்சேரி!" என்று கத்தினான். தாளில் அல்ல, கதவருகே மாட்டியிருக்கும் காலண்டரில் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். ஊரிலிருந்து நான்தான் வாங்கி வந்தேன்.

கத்தரிக்கோல் எடுத்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் இரண்டு வட்டத்தையும் வெட்டிவிட்டான். நடுவில் அட்டை வைத்து, முதுகோடு முதுகு ஒட்டினான். ஒரு துட்டு தயார்.

"பூவா தலையா போடலாம், தாத்தா." அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"இதில் தலை இல்லையே."

திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் பூ. மறுபக்கம் எழுத்து. இந்த ஊரில் தலைகளுக்கு நேர்ந்த கதி அவனுக்குத் தெரியும், அதனால் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"அப்போ பூவா ஊரா?" என்றான்.

ஊர் என்றேன். அட்டைக் காசு சுண்டினால் சரியாகச் சுழலாது. மேலே போனது அப்படியே சரிந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அவன் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான்.